பிக்சல் விளக்குகளுக்குச் சேனல் ஒதுக்குதல்: போர்ட்டிலிருந்து தொடங்கும் எண்முறை

ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய ஆர்ஜிபி பிக்சல் விளக்குகளைக் கொண்டு அலங்காரம் அமைப்பதில் எனக்குப் பிடித்த பகுதி, இசைக்கு ஏற்பக் காட்சிகளை உருவாக்குவது. ஆனால் என் முதல் இரண்டு ஆண்டுகளில் அதைவிட அதிக நேரம் பிடித்தது சேனல் ஒதுக்கீடுதான். எந்தச் சரத்தின் எந்தப் பிக்சலுக்கு எந்தச் சேனல் (ஒரு நிறத்தின் ஒளி அளவைத் தாங்கும் எண்ணிட்ட இடம்), அது எந்தக் கன்ட்ரோலரின் (விளக்குகளை இயக்கும் பெட்டி) எந்தப் போர்ட்டில் (சரத்தை இணைக்கும் வாய்) வெளிவருகிறது என்பதைத் தீர்மானிக்கும் இந்த வேலையை நான் முதலில் ஒரு கணக்கெழுதும் வேலையாக மட்டுமே கருதியிருந்தேன். கம்பி எங்கே ஓடுகிறது என்பதைப் போலவே எண் எங்கே ஓடுகிறது என்பதும் அலங்காரத்தின் கட்டமைப்பு என்பது பின்னரே விளங்கியது.

முதல் ஆண்டில் என்னிடம் ஒரே ஒரு கன்ட்ரோலர் இருந்தது. கூரை விளிம்பில் 350 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 50 பிக்சல் கொண்ட நான்கு வளைவுகள், ஒவ்வொன்றும் 50 பிக்சல் கொண்ட 16 சரங்களாலான ஒரு கூம்பு மரம் ஆகியவை அதில் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்கள் என்பதால், ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக எண்ணிக்கொண்டே போனேன். கூரைக்கு 1 முதல் 1050 வரை, வளைவுகளுக்கு 1051 முதல் 1650 வரை, மரத்துக்கு 1651 முதல் 4050 வரை என்று அமைந்தது. மரத்தின் முதல் எட்டுச் சரங்கள் ஒரு போர்ட்டிலும் அடுத்த எட்டுச் சரங்கள் இன்னொரு போர்ட்டிலும் இருந்தன. ஆகவே இரண்டாவது போர்ட் 2851-ஆம் சேனலில் தொடங்கியது. ஓர் எண்ணைக்கூட வீணாக்காத அந்தப் பட்டியல் பார்ப்பதற்கு மிக ஒழுங்காகவே இருந்தது.

மறு ஆண்டு ஐந்தாவது வளைவு ஒன்றைச் சேர்த்தேன். வளைவுகள் எல்லாம் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அதற்கு 1651 முதல் 1800 வரை கொடுத்துவிட்டு, மரத்தை 1801-க்கு நகர்த்தினேன். மென்பொருளில் மாற்றினேன், கன்ட்ரோலரில் மரத்தின் முதல் போர்ட்டுக்கும் மாற்றினேன், இரண்டாவது போர்ட்டை 3001-க்கு மாற்ற மறந்துவிட்டேன். அது பழையபடி 2851-இலிருந்தே படித்துக்கொண்டிருந்தது. விளைவாக, எட்டாவது சரத்துக்கு உரிய காட்சியே ஒன்பதாவது சரத்திலும் தோன்றியது. அதற்கடுத்த ஒவ்வொரு சரமும் தனக்கு முந்தைய சரத்தின் காட்சியைக் காட்டியது. சேர்த்த வளைவில் 50 பிக்சல்கள், மரத்தின் ஒரு சரத்திலும் 50 பிக்சல்கள் என்பதால் பிழை மிகச் சரியாக ஒரு சரத்தின் அளவில் வந்து பொருந்தியிருந்தது. நிறம் கெடவில்லை, எதுவும் அணையவில்லை, படம் மட்டும் ஓரிடத்தில் லேசாக முறிந்தது. இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். சரங்களை மாற்றிக் கட்டிவிட்டோமோ என்ற ஐயத்தில் இரண்டு மாலைகள் கழிந்தன.

அதைத் திருத்திய பிறகும் கடைசிச் சரத்தில் முதல் 10 பிக்சல்கள் மட்டுமே எரிந்தன. அதற்கும் காரணம் எண்களிலேயே இருந்தது. முதல் ஆண்டுக்குத் தேவைப்பட்ட எட்டு யுனிவர்ஸ்களை, அதாவது சேனல்களைப் பிரித்து அனுப்பும் எட்டுத் தொகுதிகளை மட்டுமே நான் கன்ட்ரோலரில் இயக்கியிருந்தேன். யுனிவர்ஸுக்கு 510 சேனல்கள் என்றால் எட்டுக்கு 4080. மொத்தம் 4200 ஆகிவிட்டதால் மீதி 120 சேனல்கள், அதாவது 40 பிக்சல்கள், ஒன்பதாவது யுனிவர்ஸுக்குப் போய்விட்டன. அப்படி ஒன்று இருப்பதே கன்ட்ரோலருக்குத் தெரியாது.

இந்த 510 என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். யுனிவர்ஸ் என்ற அலகு, 1986-இல் மேடை விளக்குகளுக்காக உருவான டிஎம்எக்ஸ்512 என்ற தரத்திலிருந்து வந்தது. ஒரு கம்பியில் 512 சேனல்கள் என்பது அதன் வரம்பு. விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் மங்கலாக்கிகளைக் கட்டுப்படுத்த அது தாராளமாகப் போதும் என்று அன்றைக்கு இருந்தது. அதே தரவை நெட்வொர்க் வழியே அனுப்பும் முறைதான் எஸ்ஏசிஎன் என்று அழைக்கப்படும் ஈ1.31. அந்த 512 அதிலும் தொடர்கிறது. ஆனால் 512 என்பது மூன்றால் மீதமின்றி வகுபடாது. 170 பிக்சல்களுக்கு 510 சேனல்கள் ஆனபின் இரண்டு சேனல்கள் எஞ்சும். அந்த இரண்டையும் விட்டுவிட்டு 171-ஆவது பிக்சலை அடுத்த யுனிவர்ஸின் முதல் சேனலில் தொடங்கலாம். அல்லது 171-ஆவது பிக்சலின் சிவப்பையும் பச்சையையும் 511, 512 ஆகியவற்றில் வைத்து, நீலத்தை மட்டும் அடுத்த யுனிவர்ஸுக்குத் தள்ளலாம். இரண்டு முறைகளுமே செல்லுபடியாகும். அனுப்பும் மென்பொருளும் பெறும் கன்ட்ரோலரும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றனவா என்பதே முக்கியம்.

பின்பற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு முறை தாளில் எழுதிப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்தப் பிழையைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண முடிகிறது. மென்பொருள் 512 வீதம் நிரப்பி அனுப்புகிறது, கன்ட்ரோலர் 510 வீதம் எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 170 பிக்சல்கள் சரியாக எரியும். அடுத்த யுனிவர்ஸின் முதல் சேனலில் வருவது 171-ஆவது பிக்சலின் நீலம். கன்ட்ரோலர் அதையே சிவப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே 171 முதல் 340 வரை, நாம் அனுப்பும் சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும், நீலம் சிவப்பாகவும் தெரியும். மூன்றாவது யுனிவர்ஸில் இன்னும் இரண்டு சேனல்கள் விலகுவதால் 341 முதல் 510 வரை சிவப்பு நீலமாகவும், பச்சை சிவப்பாகவும், நீலம் பச்சையாகவும் மாறும். நான்காவது யுனிவர்ஸில் மொத்த விலகல் ஆறு சேனல்கள், அதாவது சரியாக இரண்டு பிக்சல்கள். எனவே நிறங்கள் மறுபடியும் சரியாகிவிடும். படம் மட்டும் இரண்டு பிக்சல் முன்னுக்கு நகர்ந்திருக்கும். நிறம் 170-க்கு ஒரு முறை சுழன்று மாறுவதைக் கண்டால் சரத்தைக் கழற்றவோ பிக்சலை வெட்டி ஒட்டவோ வேண்டாம். யுனிவர்ஸின் அளவை இரு பக்கமும் ஒப்பிட்டாலே போதும்.

இதே அடையாளம் மின்னழுத்தக் குறைவிலிருந்து எண் பிழையைப் பிரித்தறியவும் உதவுகிறது. 5 வோல்ட் சரத்தின் கடைக்கோடியில் மின்னழுத்தம் குறையும்போது வெள்ளை நிறம் மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு சிவப்பை நோக்கிப் போகும். நீல, பச்சை எல்இடிகளுக்குச் சிவப்பைவிட அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதே காரணம். அந்த மாற்றம் படிப்படியாக நிகழும். விளக்கின் பிரகாசத்தைக் குறைத்தால் மறைந்தும் போகும். எண் பிழையோ கத்தியால் வெட்டியதுபோல் ஒரு குறிப்பிட்ட பிக்சலில் தொடங்கும், பிரகாசம் எதுவானாலும் அங்கேயே நிற்கும்.

இரண்டாம் ஆண்டின் அனுபவத்துக்குப் பிறகு எண்முறையை முழுவதுமாகக் கலைத்துவிட்டு வேறு வகையில் அமைத்தேன். அலங்காரத்தில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்து எண்களைக் கொடுக்கக் கூடாது. எது எந்தப் போர்ட்டிலிருந்து வெளிவருகிறது என்பதை வைத்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒரு போர்ட்டில் என்ன மாற்றம் நிகழ்ந்தாலும் மற்றொரு போர்ட்டின் தொடக்க எண் மாறக் கூடாது. ஒரு கன்ட்ரோலரில் எதைச் சேர்த்தாலும் அடுத்த கன்ட்ரோலர் அதை உணரவே கூடாது.

இதைச் செய்ய ஒரு போர்ட் அதிகபட்சம் எத்தனை பிக்சல்களைத் தாங்கும் என்று தெரிய வேண்டும். டபிள்யூஎஸ்2811, டபிள்யூஎஸ்2812பி வகைப் பிக்சல்கள் 800 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் தரவைப் பெறுகின்றன. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோவினாடி, ஒரு பிக்சலுக்கு 24 பிட்கள், ஆகவே ஒரு பிக்சலுக்கு 30 மைக்ரோவினாடி. வினாடிக்கு 40 சட்டகங்கள் (காட்சியின் தனித்தனிப் படங்கள்) என்று காட்சியை ஓட்டினால் ஒரு சட்டகத்துக்கு 25 மில்லிவினாடிதான் கிடைக்கும். சட்டகங்களுக்கு இடையே விட வேண்டிய சிறு இடைவெளியைக் கழித்தால் ஒரு போர்ட்டில் 820 பிக்சல்களை ஒட்டியே நின்றுவிட வேண்டும். ஐந்து யுனிவர்ஸ்களுக்கு 850 பிக்சல்கள். அதாவது ஒரு போர்ட்டுக்கு ஐந்து யுனிவர்ஸ்களை ஒதுக்கிவிட்டால், அந்த வேகத்தில் அந்தப் போர்ட்டால் சுமக்க முடிந்த எதுவும் அதற்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கு இவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

எனவே யுனிவர்ஸ் எண்களைக் கன்ட்ரோலருக்கு நூறு வீதம் ஒதுக்கினேன். இரண்டாம் கன்ட்ரோலர் என்றால் 201-இல் தொடக்கம். முதல் போர்ட்டுக்கு 201 முதல் 205, இரண்டாவதற்கு 206 முதல் 210, இப்படியே போய் பதினாறாவது போர்ட்டுக்கு 276 முதல் 280. மூன்றாம் கன்ட்ரோலருக்கு 301-இல் தொடக்கம். ஏதேனும் ஒரு யுனிவர்ஸ் எண்ணைப் பார்த்தாலே அது எந்தப் பெட்டியில் எந்தப் போர்ட் என்று மனக்கணக்கில் சொல்லிவிடலாம். வெறும் 50 பிக்சல் உள்ள ஒரு வளைவுக்கு ஐந்து யுனிவர்ஸ்களா என்று கேட்கலாம். எஸ்ஏசிஎன் முறையில் 1 முதல் 63999 வரை எண்கள் இருக்கின்றன. எண்களில் சிக்கனம் பிடிப்பதால் வரும் இலாபம் எதுவும் இல்லை. நெட்வொர்க்கின் சுமையும் பெரிதல்ல. முழு யுனிவர்ஸ் ஒன்றின் தரவுப் பொதி 638 பைட். வினாடிக்கு 40 முறை அனுப்பினால் ஏறத்தாழ 0.2 மெகாபிட். எண்பது யுனிவர்ஸ்களுக்கும் சேர்த்து 16 மெகாபிட்தான்; 100 மெகாபிட் கம்பி இணைப்பு இதை எளிதில் தாங்கும். இருந்தாலும் கன்ட்ரோலர் எத்தனை யுனிவர்ஸ்களை ஏற்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஎஸ்பி8266 சில்லைக் கொண்ட வைஃபை கன்ட்ரோலர்களுக்கு இந்தத் தாராளம் ஒத்துவராது. அவற்றுக்குத் தேவையானதை மட்டுமே கொடுக்கிறேன், எண் வரிசையில் மட்டும் நூறு நூறாக இடம் விட்டு வைக்கிறேன்.

எஸ்ஏசிஎன் தரவை மல்டிகாஸ்ட் (கேட்கும் எந்தக் கருவியும் பெறும்படி பொதுவாக அனுப்புவது), யூனிகாஸ்ட் (ஒரே ஒரு முகவரிக்கு அனுப்புவது) என்ற இரண்டு வகைகளில் அனுப்பலாம். மல்டிகாஸ்டில் அனுப்பினால் கன்ட்ரோலரின் ஐபி முகவரி தெரியாமலேயே தரவு போய்ச் சேரும் என்பது வசதிதான். ஆனால் சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச்கள் அந்தத் தரவை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கும், வைஃபையில் அது இணைப்பையே முடக்கிவிடும். ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் மாறாத ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்து யூனிகாஸ்டில் அனுப்புவதையே நான் விரும்புகிறேன். யூனிகாஸ்டில் இரண்டு கன்ட்ரோலர்களுக்கு ஒரே யுனிவர்ஸ் எண்ணைக் கொடுத்தாலும் வேலை நடக்கும் என்பது உண்மையே. அப்படியும் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. என்றைக்காவது மல்டிகாஸ்டுக்கு மாறினால் இரண்டு பெட்டிகளும் ஒரே தரவைக் காட்டத் தொடங்கிவிடும். டிஎம்எக்ஸ் தரவை நெட்வொர்க்கில் அனுப்பும் இன்னொரு முறையான ஆர்ட்நெட்டைப் பயன்படுத்துபவர்கள் அங்கே யுனிவர்ஸ் எண்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எல்லாம் ஓர் எண் தள்ளி வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

மென்பொருளில் தொடக்கச் சேனலைக் குறிப்பிடும் விதமும் இதே கொள்கையைப் பின்பற்ற வேண்டும். நான் காட்சிகளை உருவாக்கும் எக்ஸ்லைட்ஸ் மென்பொருளில் ஒரு பொருளின் (வளைவு, மரம் போன்ற அலங்கார உறுப்பின்) தொடக்கத்தை மொத்த எண்ணாகவும் எழுதலாம், இன்ன கன்ட்ரோலரின் இத்தனையாவது சேனல் என்றும் எழுதலாம், இன்ன பொருளுக்கு அடுத்தது என்றும் எழுதலாம். முதல் வகையை நான் இப்போது தொடுவதே இல்லை. போர்ட்டைக் குறிப்பிட்டுவிட்டு மீதியை மென்பொருளிடம் விட்டுவிடுகிறேன். ஒரே போர்ட்டில் இரண்டு பொருள்கள் தொடராக இருந்தால் மட்டும் இரண்டாவதை முதலாவதற்கு அடுத்தது என்று கோக்கிறேன், ஏனெனில் கம்பியும் அப்படித்தான் ஓடுகிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தயாரான காட்சியைச் சேமிக்கும் எஃப்செக் கோப்பில் பொருள்களின் பெயர்களின் அடிப்படையில் தரவு அடுக்கப்படுவதில்லை. ஒன்று முதல் இறுதி வரை சேனல் வரிசையில்தான் அடுக்கப்படுகிறது. புதிய கன்ட்ரோலரைப் பட்டியலின் நடுவில் செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றின் மொத்த எண்களும் நகரும். பழைய கோப்புகள் அனைத்தும் தவறான விளக்குகளில் ஓடும். பட்டியலின் இறுதியில் சேர்ப்பது நல்லது. எப்படிச் சேர்த்தாலும் எல்லாக் காட்சிகளையும் ஒரு முறை மீண்டும் உருவாக்கிச் சேமித்து, காட்சியை ஓட்டும் கருவிக்குப் புதிதாக ஏற்றிவிடுவது இன்னும் நல்லது.

பிக்சல்களை எண்ணும்போது எல்இடிகளை எண்ணிவிடுவது இன்னொரு பொதுவான தவறு. டபிள்யூஎஸ்2811 சில்லைக் கொண்ட 12 வோல்ட் பட்டைகள் பலவற்றில் மூன்று எல்இடிகளுக்கு ஒரு சில்லுதான் இருக்கும். மீட்டருக்கு 60 எல்இடி என்று எழுதப்பட்டிருந்தாலும் அங்கே இருப்பவை 20 பிக்சல்கள், தேவைப்படுபவை 60 சேனல்கள். 180 சேனல்களை ஒதுக்கிவிட்டால், காட்சியின் முதல் மூன்றில் ஒரு பகுதி மட்டும் பட்டை முழுவதும் நீண்டு தெரியும். வெள்ளை எல்இடியும் சேர்ந்த ஆர்ஜிபிடபிள்யூ வகை என்றால் பிக்சலுக்கு நான்கு சேனல்கள். அப்போது ஒரு யுனிவர்ஸில் 128 பிக்சல்கள் மீதமின்றி அடங்கும், ஆனால் பிக்சலுக்கு 40 மைக்ரோவினாடி ஆவதால் போர்ட்டின் கொள்ளளவு குறையும்.

நிற வரிசை வேறு விஷயம். டபிள்யூஎஸ்2812பி பச்சையை முதலில் எதிர்பார்க்கிறது. டபிள்யூஎஸ்2811 சரங்களில் பெரும்பாலும் சிவப்பு முதலில் வரும். தொடக்கச் சேனலை ஒன்று தள்ளி வைத்து நிறத்தைச் சரிசெய்ய முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முதல் பிக்சலில் சரியானதுபோல் தோன்றினாலும் எல்லாப் பிக்சல்களின் எல்லைகளையும் குலைத்துவிடும். நிற வரிசையைக் கன்ட்ரோலரின் அந்தப் போர்ட்டுக்கான அமைப்பிலேயே மாற்ற வேண்டும். கன்ட்ரோலருக்கும் முதல் பிக்சலுக்கும் இடையே கம்பி நீளமாக இருக்கும்போது, சமிக்ஞையைப் புதுப்பிக்க வழியில் ஓரிரு வெற்றுப் பிக்சல்களை வைப்பது உண்டு. அவற்றையும் கன்ட்ரோலரிலேயே அறிவித்துவிட்டால் அவற்றுக்குச் சேனல் எதுவும் செலவாகாது, பொருளின் எண்களும் நகராது.

மரம் போன்ற பொருளில் சரங்கள் மேலும் கீழுமாக மடிந்து செல்லும். கீழிருந்து மேலே போன சரம் உச்சியில் திரும்பிக் கீழே வருகிறது என்றால் ஒன்று விட்டு ஒரு சரம் தலைகீழாக எண்ணப்பட வேண்டும். இதை மென்பொருளில் ஒரு தேர்வாகவே வைத்திருக்கிறார்கள். ஆயினும் நான் பொருளைக் கட்டி முடித்ததும் முதல் பிக்சல் எங்கே, கம்பி எந்தத் திசையில் போகிறது என்பதை அம்புக்குறியுடன் தாளில் வரைந்து வைத்துக்கொள்கிறேன். பெட்டிக்குள் ஒவ்வொரு கம்பியிலும் நீர் புகாத ஒட்டியில் கன்ட்ரோலர் எண், போர்ட் எண், பொருளின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுகிறேன். சேனல் எண்ணை மட்டும் எழுதுவதில்லை. போர்ட்டும் பெயரும் தெரிந்தால் அது தானே கிடைத்துவிடும்.

இப்போது சில கன்ட்ரோலர்களில், பிக்சல் தரவை நெட்வொர்க்கில் அனுப்பும் இன்னொரு முறையான டிடிபிக்கு மாறியிருக்கிறேன். அதில் யுனிவர்ஸ் என்ற அலகே இல்லை. ஒரு பொதியில் 1440 பைட், அதாவது 480 பிக்சல்களுக்கான தரவு தொடர்ச்சியாகப் போகிறது. 170-இல் நிறம் திரியும் சிக்கல் அங்கே எழாது. உங்கள் கன்ட்ரோலர் ஏற்குமானால் தயங்காமல் மாறலாம் என்பது என் பரிந்துரை. ஆனாலும் போர்ட்டின் 30 மைக்ரோவினாடிக் கணக்கு அங்கேயும் அதுவே, எஃப்செக் கோப்பின் வரிசையும் அதுவே. ஆகவே பட்டியலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி இடம் விடும் வழக்கத்தை நான் கைவிடவில்லை.

விளக்குகளை வெளியே கட்டுவதற்கு முன், ஒவ்வொரு போர்ட்டையும் தரையிலேயே சோதித்துவிடுகிறேன். கன்ட்ரோலரின் சொந்தச் சோதனைக் காட்சியை முதலில் ஓட்டினால் கம்பியும் மின்சாரமும் சரியா என்று தெரிந்துவிடும். பிறகு மென்பொருளிலிருந்து முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் ஆகியவற்றை அனுப்புகிறேன். 170, 340 ஆகிய பிக்சல்களைத் தாண்டியும் நிறம் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கிறேன். கடைசியாக அந்தப் பொருளின் முதல் பிக்சலையும் இறுதிப் பிக்சலையும் மட்டும் எரிய வைக்கிறேன். இந்த இரண்டும் தமக்குரிய இடத்தில் எரிந்து, பக்கத்துப் போர்ட்டில் எதுவும் எரியவில்லை என்றால் அந்தப் போர்ட்டின் மூடியைப் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். சென்ற முறை ஆறாவது வளைவைச் சேர்த்தபோது இரண்டாம் கன்ட்ரோலரில் காலியாக இருந்த ஒன்பதாவது போர்ட்டில் அதை இணைத்தேன். 241-ஆவது யுனிவர்ஸில் அது தொடங்கியது. மரத்தின் எண்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை.